திரையில் திறக்கும் கடைவாசல்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருவீதியில் நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்தால் பாலமுனை வரும். கிழக்கே கடல்; மேற்கே வயல். கடலிலே வலை இழுப்போரும், வயலிலே வெள்ளாமை செய்வோரும், வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோரும் வாழுகின்ற ஊர் அது. இத்தகைய ஊர்களின் கடைகளிலே வீதியிலிருந்து இரண்டு மூன்று படிகள் ஏறித்தான் உள்ளே செல்லவேண்டும் என்பது வழமை. கால் இயலாத ஒருவர் வந்து வாசலில் நின்றால், கடைக்காரர் தாமே இறங்கி வந்து, "என்ன வேணும் காக்கா?" என்று கேட்டுப் பொருளைக் கையிலே கொடுப்பார். கண் தெரியாத ஒருவர் வந்தால் மீதிப் பணத்தை ஒவ்வொரு தாளாகச் சொல்லி எண்ணிக் கொடுப்பார். கட்டடம் தடையாக நின்றபோதும், கடைக்குள் இருந்த மனிதன் அத்தடையை ஒருவாறு நீக்கிவந்தான்.

இன்று அக்கடையின் பெரும்பகுதி கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரைக்குள்ளே குடிபுகுந்துவிட்டது. வங்கிக் கணக்கு அங்கே இருக்கிறது. மின்சாரக் கட்டணம் அங்கே செலுத்தப்படுகிறது. கொழும்புக்குச் செல்லும் பஸ்ஸில் ஆசனம் பதிவதும், வைத்தியரைக் காண்பதற்கு நாளும் நேரமும் பெறுவதும், துணிக்கடையின் புதுச் சரக்கைப் பார்ப்பதும் அங்கேயே நிகழ்கின்றன. அந்தக் கடைக்கும் படிகள் உண்டு. ஆயின் அவற்றிலிருந்து இறங்கி வந்து கை கொடுப்பதற்கு ஒருவரும் இல்லை. ஆகவேதான் அந்தப் படிகளைக் கட்டும்போதே எல்லோரும் ஏறத்தக்கவாறு கட்டவேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் எழுந்திருக்கிறது. அது ஏன் வணிகரின் கவனத்துக்கு உரியது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பாலமுனையில் வாழும் ஒரு முதியவரைக் கற்பனை செய்து பார்ப்போம். நீரிழிவு நோயினால் பார்வை மங்கியவர். மகன் கட்டாரிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். பணம் வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டுமானால் வங்கியின் செயலியைத் திறக்கவேண்டும். திறந்தால் ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். அதனைச் சிறிது நேரத்துக்குள்ளே வாசித்து, நினைவில் வைத்து, வேறொரு கட்டத்திலே அழுத்தவேண்டும். எழுத்தோ கடுகளவு; நேரமோ கண்ணிமைப்பொழுது. மூன்று முறை தவறினாற் கணக்கு பூட்டிக்கொள்ளும். முதியவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துத் தொலைபேசியை அவன் கையிலே கொடுப்பார். இரகசிய எண்ணையும் சொல்லுவார்.

அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். பெரும்பாலும் நல்லவனாகவே இருப்பான். ஆனாலும் மகன் எவ்வளவு அனுப்பினான், எவ்வளவு மீதம் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் அயலார் அறிந்த பின்னரே குடும்பத் தலைவர் அறிகிறார். நேற்றுவரை தம் மடியிலே முடிந்து வைத்த பணத்துக்குத் தாமே காவலாக இருந்த ஒருவர், இன்று தம் பணத்தைக் காண்பதற்குப் பிறர் தயவை நாடவேண்டியவராகிறார். இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர் என்று வங்கி ஓயாது எச்சரிக்கிறது; சொல்லாமல் இயங்க முடியாத ஒரு கருவியையும் அதே வங்கி அவர் கையிலே கொடுக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு முதியவர் பொறுப்பாளர் அல்லர்.

இத்தகையோர் சிலரே என்று எண்ணுவது பிழை. உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் 16 இலட்சத்துக்கு அதிகமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உடையோர். அது நூற்றுக்கு 8.7. அம்பாறைக் கரையோரத்துக்கு வேறு கணக்கும் உண்டு. நெடுங்கால யுத்தம் பலரது கையையும் காலையும் கண்ணையும் பறித்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. உயிர் தப்பியோரிற் பலர் காயத்தோடு தப்பியவர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக முதுமை இருக்கிறது. அது குலம், கோத்திரம், செல்வம் எதையும் பார்ப்பதில்லை. இன்று செயலியை வடிக்கும் இளைஞரின் கண்ணும் நாற்பத்தைந்து வயதளவில் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடும்.

"எங்கள் வாடிக்கையாளரிற் கண் தெரியாதவர் ஒருவருமில்லையே" என்று கூறும் வணிகர் உண்டு. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வாசலைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே ஒருவரையும் காணோம் என்பதற்கு ஒப்பானது அவ்வுண்மை.

இனி, கண் தெரியாதவர் தொலைபேசியை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதை அறிந்துகொள்வது நன்று. இதனை அறியாமையே தடைகள் பலவற்றுக்குக் காரணம். திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு; அதனைத் திரைவாசிப்பான் என்பர். 2009 ஆம் ஆண்டிலேயே ஐபோனிலும் அன்ட்ரொய்டிலும் அது உள்ளடக்கமாக வந்துவிட்டது. இன்று சந்தையில் விற்கும் திறன்பேசிகளிற் பெரும்பாலானவற்றில் மேலதிகச் செலவின்றி இருக்கிறது. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனை 2006 இல் ஆக்கத் தொடங்கியவர்கள் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இருவர்; இருவருமே விழிப்புலனற்றோர். விரலைத் திரையின்மேல் நகர்த்தினால், விரல் தொடும் பொருளின் பெயரை அது சொல்லும். இருமுறை தட்டினால் அப்பொருள் இயங்கும். பழகியவர் இதனைச் செவியாலே வாசிக்கும் வேகம், கண்ணுள்ளவரைத் திகைக்கவைக்கும்.

ஆனால் திரைவாசிப்பான் தானாக ஒன்றையும் கண்டுபிடித்துச் சொல்லாது. செயலியை ஆக்கியவர் அந்தப் பொத்தானுக்குப் பெயர் இட்டிருந்தாற்றான் அப்பெயரைச் சொல்லும். பணம் அனுப்பும் பொத்தானுக்கு ஓர் அம்புக்குறியை மட்டும் வரைந்து விட்டுவிட்டால், "பெயரில்லாத பொத்தான்" என்று சொல்லும். ஒரே திரையில் அத்தகைய பொத்தான்கள் ஐந்து இருந்தால், பணம் அனுப்புவது எது, அழிப்பது எது என்று அறியாமல் அவர் திண்டாடுவார். அந்தப் பெயரை இடுவதற்கு ஆகும் உழைப்பு இரண்டு சொல்லை எழுதும் உழைப்புத்தான்.

தமிழர் எதிர்கொள்ளும் ஒரு சங்கடமும் இங்கு உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. அவ்வெழுத்துரு உண்மையில் ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ்ச் சட்டை அணிவிப்பதாகும். கண்ணுக்குத் 'தமிழ்' என்று தோன்றும் சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கிடக்கிறது. கண்ணுள்ளவர் சட்டையைப் பார்க்கிறார். திரைவாசிப்பானோ உள்ளே இருப்பதை வாசிக்கிறது. எனவே, பாமினியில் அமைந்த ஓர் அறிவித்தலைக் கேட்கும் விழிப்புலனற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. பொருளற்ற ஆங்கில ஒலிக்கோவையே காதில் விழும். 1991 ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்களுக்குத் தனி இடம் வழங்கப்பட்டுவிட்டது. ஒருங்குறியில் எழுதினால் திரைவாசிப்பான் தமிழைத் தமிழாக வாசிக்கும். தேடுபொறியும் அதனைக் கண்டெடுக்கும். கண் தெரியாதவருக்காகச் செய்யும் இந்த மாற்றத்தினால், 'கல்முனையில் சாரி' என்று தேடும் கண்ணுள்ளவரும் கடையை வந்தடைகிறார் என்பதை வணிகர் மனங்கொள்ளவேண்டும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு வழக்கம், விலைப்பட்டியலைப் படமாக ஆக்கி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இடுவது. வண்ணமும் பூவேலையும் நிறைந்த அழகிய படம். அதனுள்ளே விலை, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் உண்டு. திரைவாசிப்பான் அதனைப் "படம்" என்று ஒரே சொல்லிலே சொல்லி முடித்துவிடும். இக்காலத்துத் தொலைபேசிகள் சில, படத்தில் உள்ள எழுத்தை ஊகித்து வாசிக்க முயல்வதுண்டு; ஆயினும் பூவேலைக்கிடையே தமிழ் எழுத்தை அவை பிழையாக வாசிப்பதே மிகுதி. விலையிலே ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும் அதன் விளைவை யாரும் ஊகிக்கலாம்.

செவிப்புலனற்றவரின் நிலை வேறு. அவருக்குத் திரை தடையன்று, குரலே தடை. "மேலதிக விபரங்களுக்கு அழையுங்கள்" என்று தொலைபேசி எண்ணை மட்டும் தரும் நிறுவனம், அவரை அழைக்காதே என்று சொல்கிறது. எழுத்தால் வினவ ஒரு வழியும், காணொலியின் கீழே எழுத்து வரியும் இருந்தால் அவருக்குப் போதும். கை நடுங்குவோருக்குப் பொத்தான்கள் போதிய அகலத்தோடும் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்கவேண்டும். நிறக்குருடு உடையவருக்குச் 'சிவப்பு நிறக் கட்டங்களை நிரப்புக' என்ற கட்டளை பயன்படாது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு தாய்க்கு, ஆங்கிலத்தில் மட்டும் வரும் எச்சரிக்கைச் செய்தி கண் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இவற்றுக்கெல்லாம் அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. உலகளாவிய வலையின் நியமங்களை வகுக்கும் அமைப்பு, 1999 ஆம் ஆண்டில் முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அதனைத் திருத்தி விரிவாக்கியது. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் குறையலாகாது என்பது அதிலுள்ள விதிகளில் ஒன்று. வெள்ளைத் தாளிலே மெல்லிய சாம்பல் எழுத்தை இட்டு, அதுவே நாகரிகம் என்று எண்ணும் ஓவியர்களுக்கு இவ்விதி கசக்கும். அவர்கள் தம் படைப்பை நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பாலமுனைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று பார்ப்பது நல்லது. வெள்ளை மணலில் வெயில் எரிக்கும்போது, ஈரக்கையோடு தோணியருகில் நின்று மீன் விலையைப் பார்க்க முயலும் இளைஞருக்குக் கண்ணிலே குறை ஒன்றுமில்லை; எனினும் அவருக்கு அத்திரையிலே ஒன்றும் தெரியாது. மங்கிய பார்வைக்காக விதிக்கப்பட்ட ஒளி வேறுபாடும், நடுங்கும் கைக்காக விதிக்கப்பட்ட அகன்ற பொத்தானும் அவருக்கே முதலில் உதவுகின்றன.

இவ்வாறு ஒருவரின் குறைக்காகச் செய்தது பலருக்கும் பயன்பட்டமைக்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. ஏறத்தாழ 1808 ஆம் ஆண்டளவில் இத்தாலியைச் சேர்ந்த பெல்லெக்ரீனோ தூரி என்பவர், பார்வையிழந்த தம் தோழியாகிய ஒரு சீமாட்டி பிறர் உதவியின்றித் தாமே கடிதம் எழுதுவதற்காக ஒரு பொறியை ஆக்கினார். அப்பொறி இன்று இல்லை. அதனால் அச்சீமாட்டி எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. தட்டச்சுப் பொறியின் ஆதி வடிவங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. தம் கடிதத்தைப் பிறர் கையால் எழுதுவிக்க அச்சீமாட்டி விரும்பவில்லை. பாலமுனை முதியவரின் விருப்பமும் அதுவேயன்றோ?

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. பொதுமக்கள் புகும் கட்டடத்திலோ இடத்திலோ அவர்கள் புகுவதற்குத் தடை கூடாது என்பது அதன் கருத்து. 2006 இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. 2011 ஆம் ஆண்டில், சக்கர நாற்காலியில் இயங்கும் கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்களில் அவ்விதிகள் பின்பற்றப்படவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இவையெல்லாம் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கட்டடங்களைப் பற்றியவை. திரையும் ஓர் இடமே என்ற எண்ணம் அக்காலச் சட்டத்தில் தெளிவாக எழவில்லை. ஆனால் 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சமவாயம், தன் ஒன்பதாம் உறுப்புரையிலே இணையத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியார் நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை.

அண்டை நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. அமிலத் தாக்குதலில் கண்கள் சிதைந்த பெண்மணி ஒருவர் 2023 இல் ஒரு வங்கிக்குக் கணக்குத் திறக்கச் சென்றார். உயிருள்ள ஆளே எதிரில் இருக்கிறார் என்பதைக் கருவி அறிவதற்காக, படக்கருவியின் முன் கண்ணை இமைக்குமாறு அவர் கேட்கப்பட்டார். அவரால் இமைக்க இயலாது. ஆள் நேரிலே நிற்கிறார், பேசுகிறார், இருந்தும் அவர் உயிரோடு இருப்பதைக் கருவி ஏற்கவில்லை. இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2025 ஏப்ரல் 30 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், எண்மச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று நீதியரசர்கள் கூறி, இமைத்தலுக்கு மாற்று வழிகள் அமைக்கவேண்டும் என்பது உட்பட இருபது கட்டளைகளைப் பிறப்பித்தனர். அந்தக் கருவியை ஆக்கியவர்கள் கொடியவர்கள் அல்லர். இமைக்க முடியாத ஒருவர் உலகில் இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்காதவர்கள்; அவ்வளவே.

மேல்நாடுகளில் இவ்வழக்குகள் முன்னரே எழுந்துவிட்டன. 2000 ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக் விழாவின் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று விழிப்புலனற்ற புரூஸ் மகுவயர் என்பவர் முறையிட்டார். திருத்துவதற்குப் பெருந்தொகையும் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட காலமும் வேண்டும் என்று விழாக் குழு வாதித்தது. சில வாரங்களில் முடிக்கலாம் என்று வல்லுநர்கள் சாட்சி கூறினர். குழு தோற்றது, இருபதாயிரம் அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 யூன் 28 முதல், வங்கிச் சேவை, இணைய வணிகம், மின்னூல் முதலியவை எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய நுகர்வோருக்குப் பொருள் விற்கும் இலங்கை நிறுவனம், இவ்விதிகளை அறியாதிருத்தல் இலாபகரமானதன்று. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பயின்று வெளியேறும் இளைஞர்களுக்கு இது ஒரு தொழில் வாய்ப்புமாகும்.

செலவைப் பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. முன்னரே கட்டி முடித்த பெரிய இணையத்தளத்தைத் திருத்துவது செலவுள்ள வேலைதான். வீட்டைக் கட்டிய பின் சுவரை உடைத்து வாசல் வைப்பதற்கும், அத்திவாரம் போடும்போதே வாசலுக்கு இடம் விடுவதற்கும் உள்ள வேறுபாடு மேசன்மாருக்குத் தெரியும். எனவே, செயலி ஒன்றை ஆக்கித்தருமாறு ஒப்பந்தம் எழுதும் வணிகர், திரைவாசிப்பானோடு இயங்கவேண்டும் என்ற ஒரு வரியை அவ்வொப்பந்தத்திலே முதலிலேயே சேர்த்துக்கொள்வது புத்தி.

பாலமுனை போன்ற முஸ்லிம் ஊர்களின் மக்களுக்கு இக்கருத்து புதியதன்று. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்னும் விழிப்புலனற்ற தோழர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அறிவு தேடி வந்த வரலாறும், அதனையொட்டித் திருக்குர்ஆனின் எண்பதாவது அத்தியாயம் அருளப்பெற்ற செய்தியும் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்தவை. பின்னர் அவரே மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நாயகம் அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் அந்நகரின் பொறுப்பை ஏற்றவராகவும் விளங்கினார். அவருக்குக் கிடைத்தது இரக்கமன்று, இடம்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு யூலையில் எரிபொருளுக்கான கியூ.ஆர். முறை அறிமுகமாயிற்று. தொலைபேசியும் இணையமும் இல்லாதவர் பெட்றோலைப் பெறமுடியாது போகுமோ என்ற அச்சம் எழுந்தது. அக்குறியீட்டைத் தாளில் அச்சிட்டு, மட்டையிலே ஒட்டி, மோட்டார் சைக்கிளிற் கட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தமையால் எத்தனையோ பேர் தப்பினர். திரையோடு ஒரு தாள் வழியும் இருக்கட்டும் என்ற ஏற்பாட்டின் பயனை அன்று நாடு முழுவதும் கண்டது. கிளை அலுவலகங்களை மூடிவிட்டு எல்லாவற்றையும் செயலிக்குள் தள்ளிவிட எண்ணும் நிறுவனங்கள் அந்த மட்டைத் துண்டை நினைவிற் கொள்ளலாம்.

கடைக்காரர் ஒருவர் இன்றிரவே செய்து பார்க்கத்தக்க பரிசோதனை ஒன்றுண்டு. தம் தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் உள்ள திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தம் கடையின் பக்கத்திலே ஒரு பொருளை வாங்க முயலவேண்டும். அதனை மீண்டும் நிறுத்துவது எப்படி என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நலம். இயக்கிய பின் ஒரு தட்டு இரு தட்டாக மாறிவிடுவதனால், நிறுத்தத் தெரியாமல் திகைத்தோர் பலர். ஐந்து நிமிடத்தில், எந்தப் பொத்தானுக்குப் பெயரில்லை, எந்த விலை படத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பவை தெரியவரும். அதைவிடச் சிறந்தது, விழிப்புலனற்ற ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, அவரைக்கொண்டு சோதிப்பிப்பது. வெள்ளிக்கிழமை புதுச் சரக்கின் படத்தை முகநூலில் இடும்போது, அதன் கீழே பொருளின் பெயர், அளவு, நிறம், விலை ஆகியவற்றை ஒருங்குறித் தமிழில் நான்கு வரியாகத் தட்டச்சு செய்து இடுவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேற் செல்லாது.